யித்காவின் மூன்றாவது செற்

டெனிஸ் கிளப்பின் பக்கவாசலில் நின்ற காவற்காரன் என்னிடம் அனுமதி அட்டை கேட்டான். என் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை, தோளில் பை, முதுகெல்லாம் வேர்வை. கழுத்தில் தொங்கவேண்டிய அட்டை மட்டும்தான் இல்லை.

"அட்டை இல்லாட்டி உள்ளை விடேலாது," என்றான்.

"இந்தப் பிள்ளையின்டை தாய் உள்ளை விளையாடிக்கொண்டு நிக்கிறா. பிள்ளைக்குப் பசி."

"தாயிட்டை அட்டை இருக்கு. உங்களிட்டை இல்லை."

பெரிய சட்ட நிபுணன்.

பலெர்மோவின் ஆடி மாதப் பின்னேரம். ஆபிரிக்காவிலிருந்து வரும் சிறோக்கோ என்ற சூட்டுக்காற்று அடுப்பு வாயைத் திறந்து வைத்ததுபோல முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை மார்த்தா காலையிலிருந்து போத்தலை வாயில் வைக்கவில்லை. அழுதழுது குரல் கம்மிவிட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பந்துச் சத்தம் கேட்டது. களிமண்ணில் சப்பாத்து வழுக்கும் சத்தம் கேட்டது. இடையிடையே கைதட்டல். ஒரு கையில் குவளையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் தொடையில் தட்டுகிறவர்களின் கைதட்டல் அது. பணக்காரர் கைதட்டுவதிலும் சிக்கனம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காவற்காரன் பேசியது பலெர்மோ இத்தாலியன். நான் பேசியது உடைந்த இத்தாலியன். எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். போன வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், ரெஜினா அக்காவின், அதாவது என், நாக்கில் மிளகாய் தடவியிருக்கிறது என்று எழுதியிருந்தார். இந்த வாரம் அவர் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

மாலை போட்டவர்

யித்கா செக் நாட்டுக்காரி. துணி ஆலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த சிறிய ஊர். தகப்பன்தான் பயிற்சியாளர். ஆறு வயதில் கையில் றக்கெற்றைக் கொடுத்தவர், அதன்பிறகு அவளிடம் வேறெதைப் பற்றியும் கதைத்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பத்தொன்பது வயதில், உலகத்தின் பெரிய போட்டிகளில் ஒன்றில், எல்லோரும் பெயர் தெரிந்து வைத்திருந்த ஒருத்தியைத் தோற்கடித்தாள். அவளுடைய நாட்டுப் பத்திரிகைகள் 'நாளைய நட்சத்திரம்' என்று எழுதின. பத்திரிகைக்காரரிடம் நாளைய நட்சத்திரங்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இன்றைக்கு வாடகை கட்ட வழியில்லாத ஒருத்தியைப் பற்றித்தான் எழுத இடமிருக்காது.

பிறகு தோளில் சத்திரசிகிச்சை. தரவரிசையில் சறுக்கினாள். பெயர் தெரியாத ஊர்களில், நாலு பேரும் ஒரு நாயும் பார்க்க விளையாடினாள். அப்படித்தான் ஒரு கோடையில் பலெர்மோவுக்கு வந்து, யாரும் எதிர்பாராமல் அரையிறுதி வரைக்கும் போனாள். கிளப் குழுவின் சார்பில் அவளுக்குப் பூங்கொத்துக் கொடுத்தவர்தான் றெனாத்தோ.

றெனாத்தோ வழக்கறிஞர்; இங்கே அவ்வொகாத்தோ என்பார்கள். வாழ்க்கையில் ஒரு பந்தையும் அடித்ததில்லை. ஆனால் அவரிடம் வெள்ளைச் சப்பாத்து மூன்று சோடி இருந்தது. கிளப்பில் கால்மேல் கால் போட்டு உட்கார அது போதும்.

பூங்கொத்தோடு எடுத்த படத்தில் இருவரும் நன்றாக இருந்தார்கள். கல்யாணமும் நடந்தது.

நான் அப்போது லிபெர்த்தா என்ற பணக்காரர் பகுதியில் றெனாத்தோவின் தாயார் வீட்டில் வேலை. அந்தச் சின்யோராவின், அதாவது வீட்டு அம்மாவின், கணவரைச் சாகும்வரை பராமரித்தேன். அவர் போனபின் வீட்டோடு ஒட்டிக்கொண்டேன். போர்கோ வெக்கியோ என்ற பழைய சந்தைப் பகுதியில் எனக்கும் கணவருக்கும் ஓர் அறை. விடியப் புறப்பட்டு, மீன்காரர் கடை விரிக்கும் நேரம் சந்தையைக் கடந்து, பொலிதேயாமா சதுக்கத்தின் பூட்டிய கடைகளைத் தாண்டி, அந்த மூன்றாம் மாடிக்கு நடந்துபோவேன். என் வேலை ஒப்பந்தம் சின்யோராவின் பெயரில் இருந்தது. ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கும் உரிமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. பயிற்சி முடிந்து வந்து, சிவப்பு மண் ஒட்டிய உடுப்பை அப்படியே குளியல்தொட்டியில் போட்டுவிட்டுப் போவாள். ஆட்டம் உள்ள நாளில் வலது காலை வைத்துத்தான் வெளியே இறங்கவேண்டும். மாறி வைத்துவிட்டால் தெருவிலிருந்து திரும்பி மாடிக்கு ஏறி வருவாள். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று சமையலறையில் நின்று முணுமுணுப்பேன்.

சின்யோராவுக்கு அவள் வேறு விதத்தில் தொல்லை. விருந்தாளிகளிடம், "என்ரை மருமகள் முந்தி டெனிஸ் விளையாடினவள்," என்பார். மருமகள் அன்றைக்கும் விளையாடிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருப்பாள். உயிரோடு இருக்கும் ஆளைப் பற்றி இறந்தகாலத்தில் கதைப்பதற்கும் ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்திருக்கவேண்டும்.

பிள்ளை பிறந்தபோது செக் நாட்டிலிருந்து தகப்பன் தொலைபேசி எடுத்தார். முதல் கேள்வி, எப்போது ஓடத் தொடங்குவாய். இரண்டாவது கேள்வி, எடை எவ்வளவு. யித்கா பிள்ளையின் எடையைச் சொன்னாள்.

"அதில்லை, உன்ரை எடை," என்றாராம்.

கண்ணுக்குத் தெரியாத நான்

மார்த்தாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் யித்கா சொன்னாள்:

"கோடைப் போட்டியிலை தகுதிச் சுற்று விளையாட எனக்கு இடம் தந்திருக்கினம். விளையாடப் போறன்."

இடம் கொடுத்தது இரக்கத்தால் என்று யாரும் நினைக்கவேண்டாம். 'பலெர்மோவின் மருமகள் மீண்டும் களத்தில்' என்று பத்திரிகையில் ஒரு படம் வந்தால் கிளப்புக்கு நல்லது. படம் எடுத்தபிறகு அவள் முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் அவர்களுக்குக் குறையில்லை.

சின்யோரா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிள்ளையை ஆர் பாக்கிறது?"

நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை என் தோளில் நித்திரை. அது பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டுவதும் துடைப்பதும் தாலாட்டுவதும் தாயும் நானும்தான். ஆனாலும் அந்தக் கேள்வி மேசைக்கு மேல் பாரமாகத் தொங்கியது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு தாய்க்குப் பிள்ளைதான் முதல்," என்றார் றெனாத்தோ.

"தகப்பனுக்கு?" என்று யித்கா கேட்டாள்.

"எனக்கு வேலை இருக்கு."

"எனக்கும் இதுதான் வேலை."

"உது விளையாட்டு," என்றார் அவர்.

இந்தத் தகப்பனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யித்கா குளிக்கப் போன நேரம் பிள்ளை துணியை நனைத்துவிட்டது. நான் கோயிலில், பூசை நடுவில். என் கைத்தொலைபேசி துடித்தது. 'இதை எந்தப் பக்கம் முன்னால் போடுவது?' என்று படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிய பெரிய வழக்குகளில் வாதாடும் மனிதர். ஒரு நப்பி அவரை வென்றுவிட்டது.

'பிள்ளையை ஆர் பாக்கிறது' என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் மன்னாரை விட்டு வந்தபோது என் மகள் ஷாமினிக்கு நாலு வயது. தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தேன். "எப்பிடி உனக்கு மனம் வந்தது?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதிகமாகக் கேட்டவர் என் கணவர் அன்ரனின் தமக்கை. நான் அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டு, நான் அனுப்பிய தொலைபேசியில்தான் கேட்பார். எனக்கு ஒரு வருடம் முன்பே அன்ரன் பிள்ளையை விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்துவிட்டார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் உழைக்கப் போனவர். நான் விட்டுவிட்டுப் போனவள்.

அன்றைக்கு அந்த மேசையடியில் நின்றபோதுதான் எனக்கு யித்காவைப் பிடிக்கத் தொடங்கியது. அவள் பதில் சொல்லிவிட்டுத் தலை குனியவில்லை. மீதி மக்ரோனியைச் சாப்பிட்டு முடித்தாள்.

தொலைபேசி

போட்டி தொடங்குவதற்கு முதல்நாள் படம் எடுத்தார்கள். சின்யோரா தொப்பி போட்டுக்கொண்டு மருமகளின் தோளில் கை வைத்து நின்றார். படம் பத்திரிகையில் வந்தது. அத்தோடு அந்தக் குடும்பத்தின் ஆதரவு முடிந்தது.

ஆட்டத்தன்று யித்கா விடியவே பால் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்கு முன் வெயிலைக் காரணம் காட்டி ஆட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். நேரம் இழுபட்டது. மார்த்தாவோ போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். கரண்டியால் கொடுத்தேன், துப்பினாள். அரைத்த வாழைப்பழத்தை என் முகத்தில் பூசினாள்.

பிள்ளையைக் கிளப்புக்குக் கொண்டுபோவதென்று முன்பே யித்காவோடு பேசி வைத்திருந்தேன். பையைத் தூக்கியபோது றெனாத்தோ தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளையை வெளியிலை கொண்டுபோகாதை. வீட்டிலை வைச்சிரு."

"பிள்ளை பசியிலை கத்துது, அவ்வொகாத்தோ."

"கத்தட்டும். தாய்க்கு அறிவிச்சால் ஆட்டத்தை விட்டுட்டு வருவா. அவவுக்கு அப்பத்தான் விளங்கும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சொந்தப் பிள்ளையின் பசியை வைத்துப் பெண்சாதியை மடக்கப் பார்க்கிறார் என்று விளங்கியபோது கையில் இருந்த போத்தலை மேசையில் வைத்தேன். அவர் இன்னொன்றும் சொன்னார்:

"உன்ரை ஒப்பந்தம் ஆற்றை பேரிலை இருக்கெண்டு தெரியும்தானே."

தெரியும். அந்த ஆவணியில் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவேண்டும். ஷாமினியை இங்கே கூப்பிடுவதும் அதில்தான் தங்கியிருந்தது. அன்ரனுக்கு அழைத்துச் சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கேன் உந்தப் பெரிய ஆக்களின்டை பிரச்சினை? பேசாமல் இரும்," என்றார்.

"பேசாமல்தான் இருக்கிறன். பிள்ளைதான் பேசுது," என்று தொலைபேசியை மார்த்தாவின் வாயருகே பிடித்தேன். அவள் போட்ட சத்தத்தில் அவருக்குக் காது அடைத்திருக்கும். பிறகு, "தொப்பி ஒண்டு போட்டுக் கொண்டுபோம். வெயில்," என்றார்.

மூன்று மாடி இறங்கிப் போனேன்.

பத்து நிமிடம்

இப்போது காவற்காரனிடம் வரலாம். அவனோடு நான் வாதாடிக்கொண்டிருக்க, கழுத்தில் அட்டை தொங்கும் ஒரு பெண் வந்தாள். கிளப் செயலாளர். மார்த்தாவின் ஞானஸ்நான விருந்தில் நான் பரிமாறிய கேக்கை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவள். என்னைத் தெரியாதவள்போலப் பார்த்தாள்.

"பிள்ளையை உள்ளை விடவேண்டாமெண்டு அவ்வொகாத்தோ சொல்லியிருக்கிறார். குடும்ப விசயம். நாங்கள் தலையிடமாட்டம்," என்றாள்.

தலையிடாமல் இருப்பதற்காகவே வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே கைதட்டல் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. முதல் செற் யித்காவுக்கு, இரண்டாவது எதிராளிக்கு. வெக்கை மிஞ்சிய நாட்களில், வெற்றியை முடிவுசெய்யும் மூன்றாவது செற்றுக்கு முன் விளையாட்டுக்காரருக்குப் பத்து நிமிட ஓய்வு உண்டு. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன்.

நான் கத்தவில்லை. கத்துவதற்கு என்னிடம் ஆள் இருந்தது. மார்த்தாவை மதிலுக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். குரல் கம்மியிருந்த பிள்ளைக்கு அந்த உயரத்தில் எங்கிருந்தோ குரல் வந்தது.

உடைமாற்றும் அறைக்குப் போய்க்கொண்டிருந்த யித்கா திரும்பினாள். நேரே எங்களிடம் நடந்து வந்தாள். முழங்கால்வரை சிவப்பு மண். முகத்தில் உப்புப் படிந்திருந்தது. அவளோடு கூட வரவேண்டிய போட்டி மேற்பார்வையாளர், நரைமுடிப் பெண் ஒருத்தி, பின்னால் ஓடி வந்தாள்.

"உள்ளை விடுங்கோ," என்றாள் யித்கா.

"அட்டை..." என்று காவற்காரன் தொடங்கினான்.

யித்கா அவனைப் பார்த்தாள். செயலாளரைப் பார்த்தாள். பிறகு அவர்களோடு கதைத்து நேரத்தை வீணாக்காமல் வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். காவற்காரனின் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டாள். இருந்தாள். பிள்ளையை வாங்கினாள். சட்டையைத் தூக்கினாள்.

மார்த்தாவின் அழுகை பாதியில் அறுந்தது.

பக்கவாசலுக்கு எதிரேதான் விருந்தினர் கூடாரம். சின்யோராவும் அங்கே இருந்தார். அங்கிருந்த பெரிய மனிதர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மரங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பைன் மரங்களை அவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கண்டிருக்கவேண்டும்.

சின்யோரா மட்டும் எழுந்து வந்தார்.

"இஞ்சையா? எல்லாருக்கும் முன்னாலையா?"

"உள்ளை விடேல்லை," என்றாள் யித்கா. "அதுதான் இஞ்சை."

சின்யோரா மேற்பார்வையாளரிடம் திரும்பினார். "இதுக்கு விதி இல்லையா?"

அந்தப் பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஓய்வு நேரத்திலை எங்கை இருக்கவேணுமெண்டு விதி இல்லை, சின்யோரா. நேரத்துக்குக் கோர்ட்டுக்குத் திரும்பினால் காணும்." சொல்லிவிட்டுத் தன் உடம்பால் யித்காவுக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றாள். அன்று அந்த இடத்தில் கண்ட ஒரே மரியாதை அது.

நான் ஈரத் துணியால் யித்காவின் கழுத்தைத் துடைத்தேன். அவளுடைய தோள் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"நோகுதா?"

"ஓம்."

"விடுவமா?"

அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினாள். "அந்தப் பெட்டையின்டை இரண்டாவது சேர்வ் பயந்த சேர்வ். நான் முன்னுக்கு வந்து நிக்கவேணும்," என்றாள். பால் கொடுத்துக்கொண்டே அவள் ஆட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாய்மை பற்றியும் விளையாட்டு பற்றியும் பாடம் எடுக்க வந்தவர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

நேரம் முடிந்தது. வயிறு நிறைந்த பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள். மூன்றாவது செற்றை நான் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியேதான் நின்றேன். பந்துச் சத்தம் கேட்டது. அவள் முக்குவது கேட்டது. நித்திரையான மார்த்தாவின் காலில் தாயின் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. பிறகு ஒரு கைதட்டல். இந்த முறை குவளைகளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள்.

வென்றுவிட்டாள்.

அதன் பிறகு

அடுத்த நாள் தோற்றாள். வாழ்க்கை சினிமா இல்லை.

பத்திரிகைகளில் பக்கவாசல் படம் வந்தது. 'கிளப் வாசலில் அவமானம்' என்று ஒன்று எழுதியது. சின்யோரா என்னைக் கூப்பிட்டு, "நாளையிலை இருந்து நீ வரவேண்டாம்," என்றார். பொய் சொல்ல மாட்டேன், பயந்தேன். பொலிதேயாமாவைக் கடந்து வீட்டுக்கு நடந்தேன். ஷாமினிக்கு என்ன சொல்வது என்று யோசித்து அழுதேன்.

இரண்டு நாளில் யித்கா எங்கள் அறைக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் றக்கெற் பை.

"வீடு எடுத்திட்டன். சின்ன வீடு. ஒப்பந்தம் என்ரை பேரிலை போடுவம். வாறீங்களோ?"

"முட்டை அவிக்கப் பழகினீங்களோ?"

"இல்லை."

"அப்ப வாறன்."

அதன்பிறகு சில வருடங்கள் மூன்று பேருமாக ரயிலில் இத்தாலி முழுக்க அலைந்தோம். உலகப் புகழ்பெற்ற விளையாட்டு என்பார்கள். நான் கண்டதெல்லாம் விடுதிக் குழாயடியில் தங்கள் காலுறையைத் தாங்களே தோய்க்கும் பெட்டையளைத்தான். தோற்றுவிட்டுக் கழிப்பறையில் அழுவார்கள். முகம் கழுவிவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் பார்ப்பார்கள். யித்காவும் அப்படித்தான். ஆனால் மெல்ல மெல்ல ஏறினாள். ஒருமுறை பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றைத் தாண்டி உள்ளே போனாள். சுவரொட்டிகளில் இருக்கும் ஒருத்தியோடு விளையாடி ஒரு செற்றைப் பறித்தாள். தகப்பன் தொலைபேசியில் மற்ற இரண்டு செற்றையும் பற்றி மட்டும் கதைத்தார். பலெர்மோ பத்திரிகைகள் வெட்கமில்லாமல் 'எங்கள் யித்கா' என்று எழுதின.

றெனாத்தோ பிரிந்து போனார். ஞாயிற்றுக்கிழமை மாலைவரை பிள்ளையை வைத்திருக்கலாம் என்று தீர்ப்பு. மத்தியானமே கொண்டுவந்து விட்டுவிடுவார்.

என் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. ஷாமினியும் வந்து சேர்ந்தாள்.

தோள் ஒருநாள் முற்றாகக் கைவிட்டது. யித்கா விளையாட்டை விடுவதாக அறிவித்ததும் கிளப் அவளுக்குப் பிரியாவிடை விழா வைத்தது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தாய்மாருக்குத் தங்கள் கிளப் எப்போதும் தோள்கொடுத்து வந்ததாக முழங்கினார். பிறகு, "இனி யித்கா இஞ்சையே இருந்து எங்கடை பிள்ளையளுக்குப் பழக்குவா," என்றார்.

யித்கா ஒலிவாங்கியை வாங்கினாள்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் பகிடி விடேல்லை," என்றாள். சிரிப்பு நின்றது.

ஒரு பத்திரிகைக்காரர் எழுந்தார். "இனியாவது நிம்மதியாய் ஒரு அம்மாவாய் இருக்கலாம், என்ன?"

"அஞ்சு வருசமாய் அம்மாதான்," என்றாள் யித்கா. "நாளையிலை இருந்து வேலை இல்லாத அம்மா."

அந்த மாதமே மார்த்தாவோடு தன் ஊருக்குப் போய்விட்டாள்; றெனாத்தோ மறிக்கவில்லை. அங்கே சிறுமிகளுக்குப் பழக்குகிறாள். போன கிழமை தொலைபேசி எடுத்தாள். தன் மகளுக்கு டெனிஸ் வேண்டாமாம். நீச்சல்தான் வேண்டுமாம். தாத்தா அழாத குறையாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நீந்தட்டும் எண்டன். என்ரை அப்பாவுக்கு ஆசை எண்டால் அவர் விளையாடட்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ரெஜினா, நேற்று நீச்சல் போட்டியிலை அவள் கடைசியாய் வந்தவள். தண்ணிக்குள்ளை இருந்து எழும்பி, எனக்குக் கையைக் காட்டிச் சிரிக்கிறாள். எனக்கு அப்பிடி ஒருநாளும் தோற்கத் தெரியேல்லை."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன்.